கறுப்பு வெள்ளை ரோல், பக்கத்தில் கலர் லேப் மட்டும்: எக்ஸ்பி2 போதுமா, எச்பி5 தான் வேண்டுமா?

முப்பத்தாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் திருக்கடையூரில் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். அவருடைய பென்டாக்ஸ் கே1000 இப்போது என் கையில். மீட்டர் ஓடுகிறது, 50 மிமீ எஃப்2 லென்ஸ், ஷட்டரும் சரியாக இருக்கிறது. செல்போனில் எடுக்க வீட்டில் முப்பது பேர் இருக்கிறார்கள். நான் மட்டும் கறுப்பு வெள்ளையில் மூன்று ரோல் எடுக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊர் கும்பகோணம். எனக்குத் தெரிந்த ஒரே லேபில் கலர் பிலிம் மட்டும்தான் கழுவுகிறார்கள், அதுவும் வாரத்துக்கு ஒருநாள். கறுப்பு வெள்ளை என்றால் வெளியூருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். வீட்டில் கழுவ எனக்குத் தெரியாது, தொட்டி, ரீல், மருந்து எதுவும் கிடையாது. கலர் லேபிலேயே கழுவக்கூடிய கறுப்பு வெள்ளை பிலிம் உண்டு என்று கேள்விப்பட்டேன். அது நிஜமாகவே உருப்படியான பிலிமா, இல்லை சமாளிப்பா?

ஊதாநெகட்டிவ் எழுதியது:

உருப்படியான பிலிம்தான். பெயர் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர். ஐஎஸ்ஓ, அதாவது பிலிமின் வேகம், 400. கலர் நெகட்டிவுக்கு லேபில் ஓட்டுகிற சி-41 மருந்திலேயே கழுவலாம். கோடாக்கில் பிடபிள்யூ400சிஎன் என்று இதே வகையில் ஒன்று இருந்தது, 2014இல் நிறுத்திவிட்டார்கள்.

எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண கறுப்பு வெள்ளை பிலிமில், வெளிச்சம் பட்ட இடத்தில் டெவலப்பர் வெள்ளியை உருவாக்கும். அந்த வெள்ளிதான் படம். சி-41இல் வெள்ளி உருவாகும்போதே அதைச் சுற்றிச் சாயமும் உருவாகும். அப்புறம் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து வெள்ளி முழுவதையும் கரைத்து வெளியே அனுப்பிவிடும். மிச்சம் நிற்கிற சாயம்தான் படம். கலர் பிலிமில் மூன்று நிறச் சாயம், எக்ஸ்பி2இல் எல்லாம் சேர்ந்து கறுப்பு மாதிரி. கழுவி வந்த நெகட்டிவில் லேசாக ஊதா அடிக்கும், பயப்பட வேண்டாம்.

மூன்று ரோலும் அதையே வாங்குங்கள். மீட்டரில் 200 வைத்து எடுங்கள். லேபில் எதையும் மாற்றச் சொல்ல வேண்டாம்.

இருட்டறை எழுதியது:

தம்பி, அவசரப்பட வேண்டாம். வெள்ளியே இல்லாத ஒன்றைக் கறுப்பு வெள்ளை என்று விற்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் ரோலில் இருந்த வெள்ளி லேப்காரரின் ஃபிக்ஸர் வாளியில் போய்ச் சேரும். உங்களுக்குச் சாயம்.

நான் 1970களின் கடைசியில் ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிமில் கற்றுக்கொண்டவன். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போதெல்லாம் 'லேபுக்கு எது வசதி' என்று யாரும் பிலிம் வாங்கியதில்லை. என்ன வெளிச்சம், என்ன பிலிம், என்ன மருந்து, எத்தனை நிமிடம் என்று நான்கையும் சேர்த்துத்தான் யோசிப்போம். கடைசி இரண்டையும் முன்பின் தெரியாத ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டால் படத்தில் பாதி உங்களுடையது இல்லை.

திருக்கடையூரில் சடங்கு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். மண்டபத்துக்குள் ஹோமப் புகை, இரண்டு ட்யூப் லைட். எச்பி5 பிளஸ் போடுங்கள், அதுவும் இல்ஃபோர்டின் 400 வேகப் பிலிம், ஆனால் வெள்ளி நிற்கிற சாதாரணக் கறுப்பு வெள்ளை. 1600இல் எடுத்து, ஐடி-11 மருந்தைத் தண்ணீர் கலக்காமல் 20 டிகிரியில் 14 நிமிடம் ஓட்டினால் நிற்கும். மைக்ரோஃபென் மருந்து இருந்தால் 3200 வரை போகலாம். எக்ஸ்பி2 800ஐத் தாண்டினால் நிழல் பகுதி சேறாகிவிடும்.

முப்பத்தாறு எழுதியது:

தம்பி இல்லை சார், தங்கச்சி. :) நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் ஐடி-11ஐ 14 நிமிடம் ஓட்ட என்னிடம் யாரும் இல்லையே?

இருட்டறை எழுதியது:

மன்னிக்கவும் அம்மா. கூரியரில் அனுப்பலாம். ஒழுங்காகக் கையால் கழுவித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊதாநெகட்டிவ் எழுதியது:

"ஒழுங்காக" என்ற அந்த ஒரு சொல்லில்தான் சார் எல்லாம் இருக்கிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த லேப் என்று சொல்லப்போவதில்லை, ஊர்கூட வேண்டாம்.

நான்கு வருடம் முன்பு ஒரு எச்பி5 ரோல் அனுப்பினேன். கவர் மேலேயே 'கறுப்பு வெள்ளை' என்று எழுதியிருந்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது, முழு ரோலும் வெற்று. கண்ணாடித் தாள் மாதிரி. "ரோல் எக்ஸ்போஸ் ஆகவில்லை சார், கேமராவில் பிலிம் சரியாக மாட்டியிருக்காது" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். கேமராவை சர்வீஸுக்குக் கொடுத்துக் காசும் அழுதேன்.

அப்புறம் ஒருநாள் ராத்திரி அந்த ரோலை ட்யூப் லைட்டில் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஓரத்தில் எண்களே இல்லை. பிலிமின் பெயர், 1, 1ஏ, 2, 2ஏ என்று துளைகளை ஒட்டி இருக்குமே, எதுவும் இல்லை. அந்த எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்து அனுப்புகிறார்கள். என் கேமராவில் ஒரு ஃப்ரேம்கூட விழாமல் இருந்திருந்தாலும், முறையாகக் கழுவினால் ஓர எழுத்து வந்தே தீர வேண்டும். வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கலர் மெஷினில் போட்டிருக்கிறார்கள். எச்பி5இல் சாயம் உருவாக வழியே கிடையாது. இருந்த வெள்ளியை ப்ளீச் தின்றுவிட்டது. படமும் போச்சு, ஓர எழுத்தும் போச்சு.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்பி2 ரோலை யாராவது தவறாகக் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவிவிட்டால்? சாயம் வராது, வெள்ளி நிற்கும். படம் இருக்கும். கொஞ்சம் முரடாக இருக்கலாம், ஆனால் தாத்தா இருப்பார். இரண்டு தொட்டியில் எதில் விழுந்தாலும் பிழைக்கிற பிலிம் அது. எச்பி5 ஒன்றில் மட்டும்தான் பிழைக்கும். ஆயிரம் பிறை கண்டவருக்கு ஒருமுறை நடக்கிற சடங்கு, மறுபடி எடுக்க முடியாது. லேப் தப்பு செய்தால் தாங்குமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கோல்டு200 எழுதியது:

இவ்வளவு சண்டை எதற்கு? கோடாக் கோல்டு 200, இல்லை அல்ட்ராமேக்ஸ் 400 வாங்குங்கள். கலரில் எடுத்து, ஸ்கேன் வந்த பிறகு கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். எந்த லேபும் குழம்பாது. வானம் கறுப்பாக வேண்டுமா, சிவப்பு சேனலை ஏற்றுங்கள். பட்டுப்புடவை வெளுப்பாக வேண்டுமா, அதையும் செய்யலாம். எக்ஸ்பி2இல் இதெல்லாம் எடுக்கும்போதே மஞ்சள், சிவப்பு ஃபில்டர் மாட்டினால்தான் உண்டு. பாட்டியின் புடவை என்ன நிறம் என்று நாளைக்கு யாராவது கேட்டால் அதற்கும் பதில் இருக்கும்.

இருட்டறை எழுதியது:

அப்படியென்றால் செல்போனில் எடுத்துவிட்டுப் பட்டனைத் தட்டலாமே. பிலிம் எதற்கு?

கோல்டு200 எழுதியது:

சார், நீங்கள் அடிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

ஊதாநெகட்டிவ் எழுதியது:

கோல்டு சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். கலர் நெகட்டிவில் நீல அடுக்கில் துகள் அதிகம் தெரியும். சேனலை இழுத்துப் பிடித்தால் முகத்தில் மணல் தூவியது போலாகும், அதுவும் லேப் தருகிற சின்ன ஜேபெக் கோப்பில். எக்ஸ்பி2இல் அந்த வம்பு இல்லை. வெளிச்சம் கூடக் கூடத் துகள் குறைகிற பிலிம் அது. சாயத் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடைவெளி அடைபட்டுப் போகும். எச்பி5 இதற்கு நேர் எதிர்: வெளிச்சம் கூடினால் துகளும் கூடும்.

ஒரே ரோலில் 50 முதல் 800 வரை எந்த வேகத்திலும் எடுக்கலாம், கழுவும் நேரம் ஒன்றுதான். கோயில் வாசலில் உச்சி வெயில், உள்ளே ட்யூப் லைட், இரண்டும் ஒரே ரோலில் வரப்போகிறது. இந்த நிகழ்ச்சிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இருட்டறை எழுதியது:

எடுக்கலாம் என்பது வேறு, நன்றாக இருக்கும் என்பது வேறு. 800இல் எடுத்த எக்ஸ்பி2 நெகட்டிவைப் பிடித்துப் பாருங்கள், நிழல் இடத்தில் ஒன்றுமே இருக்காது. நம் வீட்டுப் பெரியவர்கள் மாநிறம், கறுப்பு. முகமே நிழல் பகுதியில்தான் விழும். அங்கே விவரம் இல்லையென்றால் வேட்டி மட்டும் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் ஆயுள். சாயம் மங்கும். வெள்ளி நெகட்டிவ் ஒழுங்காகக் கழுவினால் நூறு வருடம் நிற்கும். என் தகப்பனார் எடுத்த 120 அளவு (அகலப் பிலிம்) ரோல்கள் இன்றும் பிரிண்ட் போடுகிற நிலையில் இருக்கின்றன.

மினிலேப் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். 1996 முதல் 2011 வரை ஒரு டவுன் மினிலேபில் மெஷின் ஓட்டியவன். இரண்டு பக்கமும் பாதிதான் சொல்கிறீர்கள்.

முதலில் ஆயுள் விஷயம். வெள்ளி நிற்கும் என்பது சரி, சாயத்தைவிட நிச்சயம் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் நம் ஊரில் நெகட்டிவைக் கொல்வது சாயம் மங்குவது இல்லை, பூஞ்சை. ஜெலட்டின் இருக்கிற இடத்தில் எல்லாம் வரும். உள்ளே வெள்ளியா சாயமா என்று அது பார்ப்பதில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்த நெகட்டிவ்கள் என்ன ஆகின என்று எனக்குத் தெரியும், தினமும் யாராவது கொண்டுவந்து காட்டுவார்கள். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், இரண்டும் போதும்.

அடுத்தது மெஷின். சி-41 எல்லா இடத்திலும் ஒன்றுதான்: டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. ரோலின் நாக்கை லீடர் கார்டில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஒரு எண் ஸ்டிக்கர் வைத்து, வாயில் கொடுத்தால் அதுவே இழுத்துக்கொள்ளும். கோல்டா எக்ஸ்பி2ஆ என்று மெஷினுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தெரிய வேண்டியது மருந்து புதிதா என்பது. நாங்கள் நாளுக்கு அறுபது, எழுபது ரோல் ஓட்டிய காலத்தில் மருந்து தானாகவே புதுசாகிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு ரோலுக்கும் கொஞ்சம் புது மருந்து உள்ளே போகுமல்லவா. வாரத்துக்கு ஒருநாள் ஐந்து ரோல் ஓட்டினால் தொட்டியில் இருப்பது காற்றுப் பட்டே கெட்டுப்போகும். அந்த மருந்தில் கலர் பிலிம் போட்டால் பச்சையும் மஞ்சளுமாக வந்து உடனே காட்டிக்கொடுக்கும். எக்ஸ்பி2இல் நிறம் என்ற பேச்சே இல்லாததால் அதே கெட்ட மருந்து அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் சோகையாக வரும், ஸ்கேனில் தூக்கிவிடலாம். ப்ளீச் தேய்ந்திருந்தால் வெள்ளி கொஞ்சம் உள்ளேயே தங்கி நெகட்டிவ் கறுத்துப்போகும். அதையும் பிறகு புது ப்ளீச், ஃபிக்ஸரில் மறுபடி போட்டுச் சரிசெய்யலாம். ஆக, சுமாரான கலர் லேபில் கலர் பிலிமைவிட எக்ஸ்பி2தான் பத்திரம். கோல்டு தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. ரோலை நீட்டும்போது கவுன்டரில் இருக்கும் பையன் "பிளாக் அண்ட் ஒயிட் கழுவ மாட்டோம்" என்று திருப்பி அனுப்புவான். சத்தியமாக நடக்கும், எங்கள் கடையிலேயே நடந்திருக்கிறது. டப்பாவின் மேலேயே சி-41 என்று அச்சிட்டிருக்கும், அதைக் காட்டுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் மெஷின் ஓட்டுபவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

முப்பத்தாறு எழுதியது:

ரொம்ப நன்றி மினிலேப் சார். ஸ்கேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா? பிரிண்ட் பிறகுதான், முதலில் குடும்ப வாட்ஸாப் குழுவில் எல்லோரும் கேட்பார்கள்.

மினிலேப் எழுதியது:

அங்கேதான் வெள்ளி பிலிமுக்கு இன்னொரு கண்டம். லேப் ஸ்கேனர்களில் தூசு, கீறல் நீக்கும் வசதி உண்டு, டிஜிட்டல் ஐஸ் என்பார்கள். அகச்சிவப்பு ஒளியை நெகட்டிவ் வழியாக அனுப்பும். சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசு மறைக்கும். எது மறைக்கிறதோ அது தூசு என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை இழுத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். எக்ஸ்பி2வுக்கு இது அருமையாக வேலை செய்யும். ஆனால் வெள்ளியும் அகச்சிவப்பை மறைக்கும். எச்பி5ஐ அதில் போட்டால் முடி, கண், புடவைக் கரை எல்லாமே தூசு என்று நினைத்து மெழுகிவிடும். கழுவியது ஒழுங்காக இருந்தும் படம் பாழாய்ப் போனதாக வருகிற ரோல்களில் பாதிக்கு இதுதான் காரணம். நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் ஐஸை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

எக்ஸ்பி2வைக் கலர் மாதிரியே ஸ்கேன் செய்தால் பச்சையோ செபியாவோ அடிக்கும். கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், இல்லை வீட்டில் நிறத்தை உருவிவிடுங்கள். அரை நிமிட வேலை.

இருட்டறை எழுதியது:

மினிலேப் நண்பர் சொல்வதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து 'வீட்டில் கழுவுவது' என்பதை ஏதோ ரசாயன ஆராய்ச்சி மாதிரி ஆக்கிவிட்டீர்கள். ஒரு தொட்டி, வெளிச்சம் புகாத ஒரு பை (சேஞ்சிங் பேக்), மூன்று பாட்டில். அவ்வளவுதான்.

ஊதாநெகட்டிவ் எழுதியது:

சார், மே மாதம் நம் ஊரில் குழாய்த் தண்ணீர் என்ன சூடு?

இருட்டறை எழுதியது:

முப்பதுக்கு மேல். அதற்குத்தான் ஐஸ் கட்டி. பாலிதீன் பையில் கட்டி, தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் பாட்டில்களை நிறுத்த வேண்டும். 20 வரை இறக்க வேண்டிய அவசியமும் இல்லை. எச்பி5க்கு ஐடி-11ஐச் சம அளவு தண்ணீரோடு கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரி என்றால் சுமார் 9. எல்லா மருந்தும், கழுவுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருந்தால் போதும்.

ஊதாநெகட்டிவ் எழுதியது:

எனக்கு 38 வேண்டும், குழாயிலேயே 31 வருகிறது. ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றினால் முடிந்தது. நம் ஊர்த் தட்பவெப்பம் கலர் மருந்துக்குத்தான் சாதகம். :)

இருட்டறை எழுதியது:

இதற்கு நான் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் சொல்கிறேன். தண்ணீர்ப் பஞ்சத்திலும் நான் கழுவியிருக்கிறேன். ஃபிக்ஸருக்குப் பிறகு அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. தொட்டியை நிரப்பி ஐந்துமுறை கவிழ்த்து நிமிர்த்து, கொட்டு. மறுபடி நிரப்பிப் பத்துமுறை, கொட்டு. மறுபடி இருபது. இல்ஃபோர்டு சொல்லித் தருகிற முறை இது. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகப் பொட்டு நிற்கும், தேய்த்தாலும் போகாது.

முப்பத்தாறு எழுதியது:

சார், ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு சிநேகிதியோடு சேர்ந்து முயற்சி செய்தோம். ஜூன் மாதம், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டேன். மூன்றாவது நிமிடத்திலேயே உள்ளங்கை வேர்த்துவிட்டது. பிளாஸ்டிக் ரீலில் பிலிம் ஒரு சுற்று போனது, அப்புறம் நகரவே இல்லை. இழுத்தால் மடிகிறது, தள்ளினால் வெளியே குதிக்கிறது. வெளியே எடுக்கவும் முடியாது, கையை எடுத்தால் வெளிச்சம். நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அழுதுகொண்டே கையை உருவினேன். பதினோரு ஃப்ரேம் தேறியது, எல்லாவற்றிலும் பிறை வடிவத்தில் மடிப்பு. தாத்தாவின் சதாபிஷேகத்தில் இந்தப் பரீட்சை வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இருட்டறை எழுதியது:

அது உங்கள் தவறு இல்லை அம்மா. ஈரம் பட்ட பிளாஸ்டிக் ரீல் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். ஸ்டீல் ரீல் என்றால் அந்தத் தொல்லை குறைவு. பைக்குள் கை வைப்பதற்குப் பதிலாக ராத்திரி குளியலறைக் கதவிடுக்கில் துணி அடைத்துச் செய்திருக்கலாம்.

சரி, நான் ஒன்று சொல்கிறேன். வெளிச்சம் நன்றாக இருக்கிற இடத்துக்கு எக்ஸ்பி2 இரண்டு ரோல் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஹோமத்துக்கு ஒரு எச்பி5, 1600 வைத்து எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த லேபுக்கும் போக வேண்டாம். நானே கழுவி அனுப்புகிறேன். காசு வேண்டாம். தனிச்செய்தியில் முகவரி தருகிறேன்.

ஊதாநெகட்டிவ் எழுதியது:

இது விவாதத்தில் ஜெயிப்பதற்கான லஞ்சம்.

கோல்டு200 எழுதியது:

எனக்கும் ஒரு ரோல் கழுவித் தருவீர்களா சார்?

இருட்டறை எழுதியது:

கோல்டு200 என்றால் தர மாட்டேன்.

மினிலேப் எழுதியது:

தங்கச்சி, ஒரே ஒரு எச்சரிக்கை. கே1000இல் ஷட்டர் டயலைத் தூக்கித் திருப்பித்தான் ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவின் பழைய பெயர்) மாற்ற வேண்டும். எச்பி5 முடிந்து எக்ஸ்பி2 போடும்போது 1600இலேயே விட்டுவிடாதீர்கள். மூன்று டப்பாவிலும் மார்க்கரில் பெரிதாக எழுதி வையுங்கள்: இது கலர் லேப், இது இருட்டறை சார். எடுத்த ரோலைக் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள்.

(ஒன்றரை மாதம் கழித்து)

முப்பத்தாறு எழுதியது:

எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்பி2 இரண்டையும் லேபில் நீட்டினேன். மினிலேப் சார் எழுதியது வரிக்கு வரி நடந்தது. "பிளாக் அண்ட் ஒயிட் எடுக்க மாட்டோம் மேடம்." டப்பாவைக் காட்டினேன். பையன் படித்துவிட்டு, "இருந்தாலும்" என்றான். உள்ளே இருந்து பெரியவர் ஒருவர் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். "இது எக்ஸ்பி. கலரோட போடலாம். ரொம்ப நாளாச்சு பாத்து" என்றார். மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஸ்கேன் பாசி பிடித்த மாதிரி பச்சை. வீட்டில் நிறத்தை உருவினேன், சரியாகிவிட்டது.

கலசத் தண்ணீரைத் தாத்தா தலையில் ஊற்றுகிற படம் எக்ஸ்பி2இல், 200 வைத்து, வெயிலில். நனைந்த வேட்டி முழு வெள்ளை. ஆனால் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது, எங்கும் வெளுத்துப்போகவில்லை. தண்ணீர் காதோரம் பிரிந்து விழுவதைக்கூட எண்ணலாம். இதற்காக ஊதாநெகட்டிவ் அண்ணனுக்கு நன்றி.

எச்பி5 இருட்டறை சாரிடமிருந்து நேற்று வந்தது, ஆறு ஆறாக வெட்டி, உறையில் போட்டு, மேலே பேனாவில் 'ஐடி-11, 14 நிமிடம்' என்று எழுதி. ஹோமத்துப் புகைக்குப் பின்னால் பாட்டி மட்டும் தனியாக உட்கார்ந்து, அவிழ்ந்த மாலையை மடியில் வைத்துக் கோத்துக்கொண்டிருக்கிறார். 1/60, எஃப்2. முகத்தில் பாதி இருட்டு. துகள் உப்பு மாதிரி தெரிகிறது. ஆனால் விரலில் மஞ்சள் ஒட்டியிருப்பது வரை வந்திருக்கிறது.

ஊதாநெகட்டிவ் எழுதியது:

இரண்டும் பார்த்தேன். பாட்டி படம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோல் பிழைத்தது எச்பி5ஆல் இல்லை, கழுவிய ஆளால். அதே ரோலைக் கும்பகோணம் கவுன்டரில் கொடுத்திருந்தால்?

இருட்டறை எழுதியது:

கொடுக்கவில்லையே.

அம்மா, கலசம் படத்தின் நெகட்டிவையும் சேர்த்து அனுப்புங்கள். எக்ஸ்பி2வை மல்டிகிரேடு என்கிற கறுப்பு வெள்ளை பேப்பரில் பிரிண்ட் போட்டுப் பார்த்து எனக்கும் வெகுநாள் ஆயிற்று. கோடாக்கின் பழைய சாய பிலிம் அடி ஆரஞ்சாக இருக்கும், எக்ஸ்போஷர் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடும். இது அப்படி இல்லை, நன்றாகவே வரும். இதை ஊதாநெகட்டிவ் மேற்கோள் காட்டக் கூடாது.

ஊதாநெகட்டிவ் எழுதியது:

"இது அப்படி இல்லை, நன்றாகவே வரும்."

முப்பத்தாறு எழுதியது:

நாளைக்கே அனுப்புகிறேன் சார். 8க்கு 10 அளவில் இரண்டு போதும். தாத்தாவிடம் எந்தப் பேப்பர் வேண்டும் என்று கேட்டேன், பளபளப்பாக வேண்டுமாம். பாட்டி, தன் படம் வேண்டவே வேண்டாம், அதில் தலை வாரியிருக்கவில்லை என்கிறார்.

இருட்டறை எழுதியது:

பாட்டிக்கு மேட் பேப்பரில் போடுகிறேன். அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம்.